கயிற்றைப் புரிகோத்து இணைத்தலும் மரமேறுவோர்க்குரிய கயிறுகளும்

பெரும்போகத்திற்கு வயலைப் பண்படுத்தும் காலத்திற் பூவரசு, வேம்பு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் குழையை வெட்டித் தாழ்த்து உழுதல் கமக்காரர் நன்கறிந்த வழக்கமாகும். தோட்டஞ் செய்வோரும் மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் நிழல் விழாதவாறு வேலியோரத்து மரங்களின் கிளைகளைத் தறிப்பர். இவர்கள் மரமேறுதலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆதலால், ஏறவேண்டிய வேளையில் மாட்டுக் கயிறோ கிணற்றுக் கயிறோ கைக்கு எட்டியது எதுவாயினும் அதனை எடுத்துச் செல்வர். கட்டையைத் தாங்கிய கயிறு ஆளையும் தாங்கும் என்று எண்ணுதலே பெருந் தீங்கிற்கு இடமாகின்றது. சுமைக்குரிய கயிறு வேறு, உயிருக்குரிய கயிறு வேறு. முன்னையதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தலாம். பின்னையதைப் பழுதுபார்த்தல் கூடாது.

முடிச்சினால் வரும் நட்டம்

அறுந்த கயிற்றை முடிச்சிட்டு இணைப்பது எளிது. ஆயினும், முடிச்சுள்ள இடத்திற் கயிறு சடுதியாக வளைகின்றது. வளைவின் வெளிப்புறத்து நார்கள் இழுவை முழுவதையும் ஏற்க, உட்புறத்து நார்கள் தளர்ந்து நிற்கும். இதனால், முடிச்சின் வகைக்கேற்ப, கயிற்றின் வலிமையில் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை குறைந்துவிடும். புரிகளைப் பிரித்து ஒன்றினுள் ஒன்றாகக் கோத்து இணைத்தால் சடுதியான வளைவு ஏற்படுவதில்லை. இழுக்குந்தோறும் புரிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றுகின்றன. செவ்வையாகக் கோத்த இணைப்பிற் கயிற்றின் வலிமையிற் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கு எஞ்சி நிற்கும்.

கோக்கும் முறை

வேண்டிய கருவிகள் கூரிய கத்தி, சிறிது சணல் நூல், வேப்பங்கட்டையில் ஒரு சாண் நீளத்திற்குக் கூராகச் சீவிய முளை ஆகியவையே. விரற்பருமனான, ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள மூன்று புரிக் கயிற்றை எடுத்துக்கொள்வோம். நைந்த பகுதியை முற்றாக வெட்டி எறிதல் வேண்டும். சிக்கனங் கருதி நைந்த நாரை விட்டுவைத்தால் இணைப்பு அவ்விடத்திலேயே மீண்டும் அறும். பின்னர் இரு நுனிகளையும் 25 சென்ரிமீற்றர் அளவிற்குப் பிரித்து, அதற்குமேற் பிரியாதவாறு அவ்விடத்தை நூலாற் கட்டுக. ஒவ்வொரு புரியின் நுனியையும் அவ்வாறே கட்டுதல் நன்று. இல்லையேல் தும்பு சிலும்பி வேலையைக் கெடுக்கும்.

இரு கைவிரல்களைக் கோப்பது போல, ஒரு கயிற்றின் புரிகள் மற்றக் கயிற்றின் புரிகளுக்கு இடையே ஒன்றுவிட்டொன்றாக அமையும்படி இரு நுனிகளையும் நெருக்கிச் சேர்த்தல் வேண்டும். ஒரு பக்கத்துப் புரிகளை நூலாற் கட்டிவிட்டு மறுபக்கத்தில் வேலையைத் தொடங்குக. ஒரு புரியை எடுத்து, கயிற்றின் முறுக்கிற்கு எதிர்ப்புறமாக, அடுத்துள்ள புரியின் மேலாகக் கொண்டுசென்று, அதற்கடுத்த புரியின் கீழாக நுழைத்தல் வேண்டும். நுழைப்பதற்கு வேண்டிய வழியை முளை திறந்து கொடுக்கும். மூன்று புரிகளையும் இவ்வாறு ஒருமுறை நுழைத்து ஒரே அளவாக இழுத்தால் ஒரு சுற்று முடிந்தது. ஒன்றை இறுக்கி மற்றொன்றைத் தளரவிட்டால் இறுகிய புரியே பாரம் முழுவதையும் சுமந்து முதலில் அறும்; புதிதாகப் பழகுவோர் செய்யும் பிழை பெரும்பாலும் இதுவே.

தும்புக் கயிற்றிற்கு ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று சுற்று போதும். அதன்பின் ஒவ்வொரு புரியிலும் பாதி நாரைக் கத்தரித்து மேலும் ஒரு சுற்றுக் கோத்தால் இணைப்பு படிப்படியாக ஒடுங்கும். முடிவிற் கயிற்றை நிலத்திலிட்டுப் பலகையால் உருட்டுக. நுனிகளை ஒட்ட வெட்டாது விரலகலம் விட்டு வெட்டுதல் வேண்டும்.

இவ்வாறு கோத்த இடம் கயிற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பருமனாகும். துலாக் கயிற்றிற்கோ மாட்டுக் கயிற்றிற்கோ இதனால் இடையூறில்லை. கப்பியில் ஓடும் கிணற்றுக் கயிறாயின் பருமனான இடம் கப்பியின் தவாளிப்பிற் சிக்கித் தேயும். ஆங்கே புதுக்கயிறு இடுதலே நன்று. கயிற்றின் நுனியிற் கண் அமைக்கவேண்டின், நுனியை வளைத்து அதே கயிற்றின் உடலினுள் முற்கூறிய முறைப்படி கோத்தல் வேண்டும்.

நைலோன், பொலிப்புரப்பிலீன் கயிறுகள் வழுக்குந் தன்மையன. அவற்றிற்கு ஐந்து சுற்றுக் கோத்தல் அவசியம். பிரிக்கும் நீளத்தையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்க. நுனிகளை நெருப்பில் உருக்கிக் கட்டியாக்கலாம்.

மரமேறும் கருவிகள்

யாழ்ப்பாணத்துப் பனையேறுவோர் காலிற் பூணும் தளைநாரின் துணைகொண்டு பாதங்களை மரத்தில் அழுத்தி ஏறுவர். மேல்மாகாணக் கரையோரத்தில் தென்னங்கள் இறக்குவோர், மரத்திற்கு மரம் கட்டிய இரு தும்புக் கயிறுகளில் கீழுள்ளதில் நடந்து மேலுள்ளதைக் கையாற் பற்றிச் செல்வர். இவை நீண்ட பழக்கத்தாற் கைவந்த அருந்திறன்கள். எனினும், தளைநார் ஏறுவதற்கு உதவுவதேயன்றி வழுக்கியவனைத் தாங்குவதன்று. 2011 ஆம் ஆண்டு முதல் கேரளத்தில் இளைஞர் பலருக்குப் பயிற்றப்பட்ட மிதிசட்டக் கருவியும், உருக்குக் கம்பி வளையத்தால் மரத்தைப் பற்றி ஏறத் துணைசெய்வதே. விழுபவனைத் தாங்குவதற்கு உடலிற் பூட்டும் வாரும் அதனோடு இணைந்த கயிறும் தனியே வேண்டும்.

அக்கயிறு தும்புக் கயிறாய் இருத்தல் ஆகாது. தும்பு நீரைத் தாங்கும், நன்கு நீளும். ஆனால் அதே பருமனுள்ள மணிலாக் கயிற்றின் வலிமையிற் கால்வாசியளவே அதற்குண்டு. மரவேலைக்கென நைலோனிலும் பொலியெசுத்தரிலும் செய்யப்படும் கயிறுகள் 2,200 கிலோகிராமுக்குக் குறையாத பாரத்திலேயே அறும் வலிமையுடையன. எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவனுக்கு இத்துணை வலிமை எதற்கு என்று வினவலாம். தளர்ந்து கிடக்கும் கயிற்றில் ஒரு மீற்றர் விழுந்தவன் நிறுத்தப்படும் கணத்தில் அவன் நிறையின் பல மடங்கு விசை கயிற்றில் ஏறுகின்றது. ஆதலால், கயிற்றை எக்காலமும் தளரவிடாது வைத்தல் வேண்டும். கையாற் புரிகோத்த இணைப்போ முடிச்சிட்ட இணைப்போ இக்கயிற்றில் எவ்விடத்தும் இருத்தலாகாது. கிணறு துப்புரவாக்க ஆளை இறக்கும் கயிற்றிற்கும் இவ்விதி பொருந்தும்.

கிளை தறிப்போன் கையிலுள்ள கத்தியே அவன் கயிற்றிற்குப் பெரும்பகையாகும். இறுகிய கயிற்றிற் கூரிய கத்தி பட்டமாத்திரத்தே அது அறுந்துவிடும். இதனாலேயே, தொழின்முறை மரவேலையாளர் வெட்டும் வேளையில் இரு கயிறுகளாற் பிணைந்திருப்பர். அவற்றில் ஒன்று நடுவே உருக்குக் கம்பி ஓடுவதாயிருக்கும். அத்தகைய கயிறு இல்லாதவர் கொக்கத்தடிக்கு எட்டும் கிளையை நிலத்தில் நின்றே அறுத்தல் நன்று. மின்சாரக் கம்பிக்கு அண்மையிலுள்ள மரத்தில் ஏறுதல் ஒருபோதும் ஆகாது. ஈரக் கயிறும் பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். மேலே ஒருவர் இருக்கும்போது கீழே மற்றொருவர் நிற்றல் வேண்டும். வாரில் நினைவிழந்து தொங்குபவரைச் சில நிமிடங்களுள் இறக்காவிடின் உயிருக்கு மோசமாகும்.

சோதித்தலும் பேணலும்

கயிற்றை வெளித்தோற்றத்தால் மதிப்பிடலாகாது. ஒவ்வொரு முழத்திற்கும் புரிகளைச் சற்றே திறந்து உள்ளே பார்த்தல் வேண்டும். தூள் உதிர்தல், நார் கருத்தல், பூஞ்சண நாற்றம் என்பன உட்சிதைவின் அறிகுறிகள். மணல் புகுந்த கயிறு உள்ளிருந்தே அறுபடும். அதனை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துக. பசளை மூடைகள், களைநாசினி, மின்கல அமிலம் ஆகியவற்றின் அருகே கயிற்றை வைத்தலாகாது. அமிலம் நைலோனைக் கண்ணுக்குத் தெரியாமலே கெடுக்கும். நனைந்த நைலோன் தன் வலிமையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை இழந்து, உலர்ந்தபின் மீளப் பெறும். பொலிப்புரப்பிலீன் வெயிலிற் கிடந்து மேற்புறம் பொருபொருத்துத் தூளாகத் தொடங்கினால் அதற்கு மீட்சியில்லை. அதனைத் துண்டாக்கிப் பயற்றங்கொடிக்குப் பந்தலிடப் பயன்படுத்தலாம்.