விளக்கு அணைந்த வேளையில்

கண்டி நகருக்குத் தெற்கே, தேயிலை மலைகளின் நடுவே அமைந்த சிற்றூர் கலஹா. மழையும் காற்றும் ஒருங்கே வரும் மாலைகளில், மரக்கிளையொன்று முறிந்து மின்கம்பிமேல் வீழ்ந்தால் போதும். மலைச்சரிவிலுள்ள லயன்கள் யாவும் இருளில் மூழ்கிவிடும். கோளாறு வெகு தொலைவில் நேர்வதும் உண்டு. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறையிலுள்ள உபமின் நிலையத்தின் மின்மாற்றியில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என அந்நாளைய மின்சக்தி அமைச்சர் தெரிவித்தார்.

காரணம் எதுவாயினும், இருளினால் வரும் கேடு சிறிது. இருளைப் போக்க அவசரத்தில் ஏற்றும் தீயினால் வரும் கேடு பெரிது. வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் வார்த்துத் திரியிட்ட குப்பி விளக்கு, இந்நாட்டு ஏழை இல்லங்களில் நெடுங்காலம் எரிந்தது. உயரமும் இலேசுமான அந்தப் போத்தல் கைபட்டாலே சாயும். மூடி கழன்று எண்ணெய் சிந்தும். சிந்திய எண்ணெய் நொடியில் தீப்பற்றும். இவ்வாறு தீக்காயமுற்றோரின் துயரைக் கண்ட அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, 'சுதீப' என்னும் விளக்கை அமைத்தார். அது குட்டையானது, கனமானது, திருகுமூடி உடையது. பக்கங்கள் இரண்டு தட்டையாக இருத்தலால், சாய்ந்தாலும் உருளாது. இப்பணிக்காக அவர் 1998இல் றோலெக்ஸ் விருது பெற்றார்.

அவ்விளக்கு புகட்டும் பாடம் மெழுகுவர்த்திக்கும் பொருந்தும். வர்த்தியை அகன்ற தட்டில் உறுதியாக நிறுத்தி, திரைச்சீலைக்கும் படுக்கைக்கும் எட்டத்தில் வைத்தல் வேண்டும். அதை எரியவிட்டு உறங்குதலும், குழந்தைகளிடம் விட்டுச் செல்லுதலும் ஆகா. இவற்றினும் மேலானது டோர்ச் விளக்கே. அதற்கு வீட்டில் ஓர் இடம் குறித்து, இருளில் தடவினாலும் கைக்கு எட்டும்படி வைத்தல் நன்று. கைத்தொலைபேசிக்கு மழை தொடங்கும்போதே மின்னேற்றிக் கொள்வதும் அறிவுடைமை.

மின்சாரம் நின்றவுடன் மின்னழுத்தி, மின்னடுப்பு முதலியவற்றை நிறுத்திவிட வேண்டும். இன்றேல் மின்சாரம் மீளும்போது, ஆளில்லாத அறையில் அவை சூடேறித் தீ விளைவிக்கும். குளிர்ப்பெட்டியை அடிக்கடி திறவாதிருந்தால், உள்ளிருக்கும் உணவு ஏறத்தாழ 4 மணி நேரம் கெடாது நிற்கும்.

மலைநாட்டுக் குளிர் மற்றோர் ஆபத்தையும் அழைத்து வருகிறது. கதவு சன்னல்களை அடைத்துவிட்டுக் கரிநெருப்பை அறைக்குள் வைப்போர் உளர். அந்நெருப்பிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் அறியாமலே உயிரைக் கவர்ந்துவிடும். மின்பிறப்பாக்கியின் புகையிலும் இதே நஞ்சு உண்டு. ஆகவே அதனை இஸ்தோப்பிலும் வைக்கலாகாது. வீட்டுக்கு வெளியே, சன்னல்களுக்கு அப்பால் வைத்தல் வேண்டும்.

அறுந்து வீழ்ந்த கம்பி உயிரற்றது என்று எண்ணுதல் பெரும் பிழை. ஊரே இருண்டிருந்தாலும் அதில் மின்சாரம் இருக்கக்கூடும், ஈரநிலத்திலும் பரவக்கூடும். கொழுந்து மலைக்குப் புறப்படுவோர் விடியலில் அத்தகைய கம்பியைக் கண்டால், குறைந்தது 10 மீற்றர் விலகி நின்று, பிறரையும் தடுத்து, மின்சார அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். கம்பால் அதனை விலக்க முயலலாகாது.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது, கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பேரிழப்பைக் கண்டது. பெருமழை இரவில் மின்சாரம் நின்றால், எச்சரிக்கை வந்து சேரும் வழியும் அடைபடுகிறது. அப்பொழுது மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்றேனும் லயனில் இருத்தல் வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கியோ வற்றியோ போகும் பீலித் தண்ணீர் ஆகியன மலை தரும் எச்சரிக்கைகள். இவற்றைக் கண்டால் உடைமைகளைத் தேடாது, முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடம் சேர்தல் வேண்டும். 117 என்ற எண்ணில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும், 1990 என்ற எண்ணில் நோயாளர் காவு வண்டியையும் அழைக்கலாம்.

ஒரு டோர்ச் விளக்கும், சிறு வானொலியும், போகவேண்டிய பாதையைப் பகலிலேயே பார்த்துவைத்த நினைவும் இருக்கும் வீட்டார், விளக்கு அணைந்த வேளையில் தடுமாறமாட்டார்கள்.