ஆக் வந்ததா, வரவில்லையா?

"பெரியப்பா, வேவ்ஃபார்ம்ல ஆக் ஒண்ணுன்னு தெரியுது. ஆனா அஸெர்ஷன் ஃபெயில்னு சொல்லுது. பிழைச் செய்தியிலயும் 'ஆக் = 1'ன்னுதான் வந்திருக்கு. சிமுலேட்டர் பொய் சொல்லுதா?"

தம்பி மகன் சென்னையில் சிப் சரிபார்ப்பு வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு ஜவ்வாது மலைக்கு வந்த இடத்திலும் மடிக்கணினியை விடவில்லை. காவலூர் டீக்கடை பெஞ்சில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இரண்டு டீக்குச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிப்பின் சுற்றை இன்று பெரும்பாலும் கையால் வரைவதில்லை, நிரலாக எழுதுகிறார்கள். எழுதியது சரியா என்று பார்ப்பதும் இன்னொரு நிரல்தான். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மொழி: சிஸ்டம்வெரிலாக். அதன் விதிநூலை ஐஇஇஇ அமைப்பு 1800 என்ற எண்ணில் 2005இல் முதலில் வெளியிட்டது. பிறகு 2009, 2012, 2017, 2023 என்று திருத்திக்கொண்டே வருகிறது. 'எந்த நேரத்திலும் இது இப்படித்தான் இருக்கவேண்டும்' என்று நிரலுக்குள் நாம் எழுதி வைக்கும் காவல் வாக்கியம் அஸெர்ஷன். இரண்டு தொகுதிகளுக்கு நடுவே ஓடும் கம்பிகளை ஒரு பெயரில் கட்டி வைத்தால் அது இன்டர்ஃபேஸ். ஒரு தொகுதி 'ரிக்வஸ்ட்' என்ற கோரிக்கையை எழுப்பும், எதிரே இருப்பது 'ஆக்' என்ற ஒப்புகையைக் கொடுக்கும். அந்தப் பேச்சுவார்த்தை ஒழுங்காக நடக்கிறதா என்று அஸெர்ஷன் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி அவன் கேள்வி. சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் ஒரு நொடிப்பொழுதைப் பல அறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. சுற்றுக்குத் தாளம் போடும் கிளாக் சிக்னல் மாறும் கணம்தான் கிளாக் எட்ஜ். அது வருகிற அதே பொழுதில், முதல் அறையிலேயே, எதுவும் மாறுவதற்கு முன் இருந்த மதிப்புகளை அஸெர்ஷன் எடுத்து வைத்துக்கொள்கிறது. விதிநூலில் இந்த அறைக்குப் பெயர் ப்ரிபோண்ட். அடுத்து ஆக்டிவ் அறையில் சுற்று இயங்கி, சிக்னல்கள் மாறுகின்றன. அதற்கும் பிறகு அப்சர்வ்டு அறையில், முன்பே எடுத்து வைத்த பழைய மதிப்புகளை வைத்து அஸெர்ஷன் தீர்ப்புச் சொல்கிறது. பிழைச் செய்தி அச்சாவது இன்னும் ஓர் அறை தள்ளி, ரியாக்டிவ் அறையில். அதற்குள் ஆக் ஒன்றாகிவிட்டது. செய்தி இப்போதைய மதிப்பை அச்சிடுகிறது, தீர்ப்போ பழைய மதிப்புக்கு. சிக்னல்கள் மாறுவதை வரைந்து காட்டும் வேவ்ஃபார்மும் எட்ஜின் மேல் புதிய மதிப்பைத்தான் வரைந்து காட்டும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கணத்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். செய்தியில் டாலர்-சாம்பிள்டு என்ற செயல்கூற்றைப் போட்டு அச்சிட்டால், அஸெர்ஷன் பார்த்த பூஜ்ஜியம் அப்படியே வரும்.

"அப்போ அஸெர்ஷன்ல வர்ற எல்லாமே பழைய மதிப்புன்னு வெச்சுக்கலாமா?"

வைத்துக்கொள்ளக் கூடாது. சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதே வாக்கியத்தின் தலையில், 'ரீசெட் இருக்கும்போது இதைப் பார்க்காதே' என்று டிசேபிள் இஃப் என்ற பகுதியை எழுதுவோம். அதற்குள் வரும் ரீசெட்டுக்குப் பழைய மதிப்பை எடுத்து வைக்கும் சலுகை கிடையாது; அது அந்தந்தக் கணத்தின் நடப்பு மதிப்பு. இரண்டு கிளாக்குக்கு நடுவே ரீசெட் ஒரு துளி எழுந்து விழுந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் சோதனை ரத்தாகிவிடும். ரத்தானது பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. அடுத்த கூத்து, ரீசெட் விலகுவதும் கிளாக் எட்ஜும் ஒரே பொழுதில் வந்தால் நடப்பது. டிசேபிள் இஃப் புதிய மதிப்பைப் பார்த்து 'ரீசெட் போய்விட்டது, சோதிக்கலாம்' என்கிறது. சோதனைக்கு எடுத்த மற்ற சிக்னல்களோ ரீசெட்டுக்குள் இருந்தபோது எடுத்தவை. ஒரே வாக்கியத்தில் ஒரு சொல் இந்தக் கணத்தைப் பார்க்கிறது, இன்னொரு சொல் முந்தைய கணத்தைப் பார்க்கிறது. விதிநூல் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. தெளிவாக எழுதியிருப்பதும் படிக்கிறவர் நினைப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமா என்ன?

ஒரே பதிவு, இரண்டு வாசிப்பு என்பது காவலூருக்குப் பழகிய விஷயம்தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது என்று இங்கே உள்ள வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று படித்து, அந்த ஆண்டே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே மறைப்பைப் பறக்கும் ஆய்வகமொன்றில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலிருந்து கண்ட ஜேம்ஸ் எலியட் குழுவுக்கு, கோளுக்கு முன்னும் பின்னும் ஒரே ஒழுங்கில் பல மங்கல்கள் கிடைத்தன. ஆக, அவை வளையங்கள். காவலூர்ப் பதிவில் தவறில்லை. வளையத்தைத்தான் அதுவும் பிடித்திருந்தது. ஒற்றை மங்கலை மட்டும் வைத்துக்கொண்டு துணைக்கோளா, வளையமா என்று பிரிக்க வழியில்லை. மறுபக்கத்துப் பதிவும் கையில் இருந்தால்தான் பிரிக்கலாம். அஸெர்ஷனும் அப்படித்தான். பாஸ் ஆகும் வேவ்ஃபார்மை மட்டும் பார்த்தால் அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்று தெரியாது. எது வந்தால் அது ஃபெயில் ஆகும் என்பதையும் பார்க்கவேண்டும்.

அதற்கு ஓர் உதாரணம். வடிவமைப்புக் குறிப்பில் ஒரு வரி: 'ரிக்வஸ்ட் வந்தால் மூன்று கிளாக்குக்குள் ஆக் வரவேண்டும்.' படித்தால் சந்தேகமே வராது. அஸெர்ஷனாக எழுத உட்காரும்போதுதான் கேள்விகள் கிளம்பும். ரிக்வஸ்ட் வந்த அதே கிளாக்கில் ஆக் வந்தால் செல்லுமா? ரிக்வஸ்ட் தொடர்ந்து இரண்டு கிளாக் உயர்ந்திருந்தால் அது ஒரு ரிக்வஸ்ட்டா, இரண்டா? சிஸ்டம்வெரிலாக் தன்னளவில் தெளிவாக இருக்கிறது: ஒவ்வொரு கிளாக்கிலும் புதிதாக ஒரு சோதனை தொடங்கும், ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாது. முதல் கிளாக்கில் ஒரு ரிக்வஸ்ட், இரண்டாவதில் இன்னொன்று, மூன்றாவதில் ஒரே ஒரு ஆக். முதல் சோதனை அந்த ஆக்கைப் பார்த்துப் பாஸ் என்கிறது. இரண்டாவதும் அதே ஆக்கைப் பார்த்துப் பாஸ் என்கிறது. நாங்கள் இரண்டு டீ சொல்லி ஒரு டீ வந்து, கடைக்காரர் இரண்டு பேர் கணக்கிலும் 'கொடுத்தாச்சு' என்று எழுதிக்கொண்டால் எப்படியோ, அப்படி. ஒரு ரிக்வஸ்ட் தொலைந்தே போயிருக்கலாம், திரையில் எல்லாம் பச்சை. எண்ணிப் பார்க்கவேண்டுமென்றால் எத்தனை வந்தன, எத்தனைக்குப் பதில் போனது என்று தனியாக எண்ணிக்கை வைத்துத்தான் எழுதவேண்டும். ரிக்வஸ்ட் வரவே வராவிட்டாலும் இந்த அஸெர்ஷன் ஃபெயில் ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை வெற்று வெற்றி என்பார்கள். அந்தப் பச்சையை எண்ணிக்கையில் சேர்த்துக் காட்டும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

'மூன்று கிளாக்குக்குள்' என்பதை எடுத்துவிட்டு 'எப்போதாவது வரும்' என்று எழுதினால்? சிமுலேஷன் முடிந்துவிட்டது, ஆக் வரவில்லை. ஃபெயிலா? 2009 பதிப்பு இதற்காகவே 'வீக்', 'ஸ்ட்ராங்' என்று இரண்டு சொற்களைக் கொண்டுவந்தது. ஒன்றையும் எழுதாமல் விட்டால், அஸெர்ட் செய்யும் இடத்தில் வீக் என்று பொருள். அதாவது, முடிவதற்குள் தவறென்று நிரூபணம் ஆகாதவரை குற்றமில்லை. 'இது நடந்ததா' என்று கணக்கெடுக்கும் கவர் வாக்கியத்தில் அதையே எழுதினால் ஸ்ட்ராங்: முழுதாக நடந்திருந்தால்தான் கணக்கு. ஸ்ரீகாந்த் விஜயராகவனும் மெய்யப்பன் ராமநாதனும் எழுதிய அஸெர்ஷன் கையேடு 2005இல் வந்தது. நம்மூர்ப் பிள்ளைகள் பலர் அதில்தான் எழுத்துக்கூட்டினார்கள். நல்ல புத்தகம். ஆனால் இந்த இரண்டு சொற்களும் அதற்குப் பிறகு வந்தவை. பழைய புத்தகத்தில் படித்தவர்களும் புதிய பதிப்பில் படித்தவர்களும் ஒரே அறையில் வாதாடினால், இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல்தான் தோன்றும்.

இன்டர்ஃபேஸுக்கு வருவோம். அதற்குள் மாட்போர்ட் என்று ஒன்று எழுதலாம்: இந்தப் பக்கத்துக்கு ரிக்வஸ்ட் வெளியே போவது, ஆக் உள்ளே வருவது என்று திசை குறிப்பது. பட்டியலில் இல்லாததைத் தொட முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. மாட்போர்ட் வழியாக வரும் தொகுதிக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. முழுப் பாதையை எழுதி மேலிருந்து நேராக எட்டிப் பிடித்தால் எல்லாம் கிடைக்கும். மாட்போர்ட் பட்டியலில் எழுதவே அனுமதி இல்லாத பொருள்கள், பராமீட்டர்போல, எப்படியும் திறந்தே கிடக்கும். மாட்போர்ட் எழுதாமலே விட்டால் இன்னும் மோசம்: கம்பிகள் இருதிசை, மாறிகள் 'ரெஃப்'. ரெஃப் என்றால் இரண்டு பக்கமும் எழுதலாம். கடைசியில் எழுதியவர் பேச்சே நிற்கும்.

அஸெர்ஷனை இன்டர்ஃபேஸுக்குள்ளேயே வைப்பது நல்ல பழக்கம்தான். எங்கே அந்த இன்டர்ஃபேஸ் போனாலும் காவலும் கூடவே போகும். ஆனால் அது எந்தப் பக்கத்தின் கடமையைச் சொல்கிறது? 'ஆக் வரும்வரை ரிக்வஸ்ட் இறங்கக்கூடாது' என்பது கேட்கிற தொகுதியின் கடமை. சிமுலேஷன் ஓட்டாமல் கணித முறையில் நிரூபிக்கும் முறைசார் சரிபார்ப்புக் கருவியில் கேட்கிற தொகுதியைச் சோதிக்கும்போது அது அஸெர்ட். பதில் தருகிற தொகுதியைச் சோதிக்கும்போது அதே வரி அஸ்யூம், அதாவது வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது. இரண்டு அணியும் அதை அஸ்யூம் என்று எழுதி வைத்தால் அந்த விதியை யாருமே சோதிக்கவில்லை என்று அர்த்தம். மொழியில் எந்த விதியும் இதைத் தடுக்காது.

வேறு மொழியில் எழுதுகிறவர்களும் உண்டு. சக்தி செயலிகளை உருவாக்கிய ஐஐடி மெட்ராஸ் குழு ப்ளூஸ்பெக் மொழியை எடுத்துக்கொண்டது. அங்கே இன்டர்ஃபேஸ் என்றால் வெறும் கம்பிக்கட்டு இல்லை. ஒவ்வொரு செயலுக்கும் 'நான் தயார்' என்ற நிபந்தனை கூடவே இருக்கிறது. தயாராக இல்லாதபோது அழைக்க முடியாதபடி கம்பைலரே பார்த்துக்கொள்கிறது. நான் சொன்ன ஆக் சண்டையில் பாதி அங்கே எழவே எழாது. மீதிப் பாதிக்கு அவர்களும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

"விதிநூல்லயே ஓட்டை இருந்தா என்ன பண்றது?"

இருக்கும். 1,300 பக்கத்துக்கும் மேல் போகிற நூல். 2017 பதிப்பில் புதிய வசதி என்று எதுவுமே இல்லை. முந்தையதில் இருந்த பிழைகளைத் திருத்தவும் மங்கலான இடங்களைத் தெளிவாக்கவும் மட்டும் ஒரு முழுப் பதிப்பு. எழுதியவர்களே ஒப்புக்கொண்டது அது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நிறுவனத்தின் சிமுலேட்டர் ஒன்று சொல்லும், அடுத்தது வேறு சொல்லும். இரண்டும் ஒன்றையே சொன்னாலும் அதுதான் விதி என்று ஆகிவிடாது. என் பழக்கம்: அஸெர்ஷனைத் தட்டுவதற்கு முன் காகிதத்தில் இரண்டு வேவ்ஃபார்ம் வரைவது, ஒன்று பாஸ் ஆகவேண்டியது, இன்னொன்று ஃபெயில் ஆகவேண்டியது. இரண்டையும் வடிவமைத்தவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது. பிறகு டெஸ்ட்பெஞ்ச் என்ற சின்னச் சோதனை நிரலில் அந்த இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது. மங்கலான இடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டாமல், சந்தேகமே வராத நீளமான வாக்கியமாக எழுதிவிடுவது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஐஇஇஇ 1800 விதிநூலை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அஸெர்ஷன் 16ஆம் பிரிவு, இன்டர்ஃபேஸ் 25ஆம் பிரிவு. எல்லோரும் நேராக அங்கேதான் போகிறார்கள். 4ஆம் பிரிவை முதலில் படியுங்கள். நான் சொன்ன அந்த அறைகள் அதில்தான் இருக்கின்றன.