தப்பும் தாளப்பெட்டியும்

கையில் அடங்கும் ஒரு பெட்டி. அதன் முகத்தில் பதினாறு பொத்தான்கள். வேண்டிய பொத்தான்களில் அடிகளை அமைத்துவிட்டால், நிறுத்தும் வரையில் அது சலிப்பின்றித் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். இளைஞர் இதனைப் 'பீட் மெஷின்' என்பர். நாம் தாளப்பெட்டி என்போம். அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டப் பிள்ளை ஒருவன் இதனை வாங்க விரும்பினால், கொடுக்கும் விலைக்கு அது தகுமா?

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. பெட்டியின் விலை 54,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அக்கணக்கில் அது ஒரு தாய் நாற்பது நாள் பறித்த கொழுந்தின் கூலி. ஆகவே விளையாட்டாக விடை கூறுவதற்கில்லை.

நேயர்களே, இதனோடு ஒப்பிடத்தக்க கருவி தோட்டத்தில் முன்னரே உண்டு. விடியற்காலையில் லயங்களை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்பு. மாசி மாதக் காமன் கூத்தில் ரதியையும் மன்மதனையும் ஆட வைப்பதும், இழவு வீட்டில் முழங்குவதும் அதுவே. மலைப்பனியில் தோல் தளர்ந்து ஒலி மங்கும். சருகைக் கொளுத்தி அனலில் காட்டினால் மீண்டும் கணீரென்று பேசும். பெட்டிக்கு இத்தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆயின் தப்பின் ஓசை அடுத்த மலைச்சரிவை எட்டும். சிறிய பெட்டியோ, ஒலிபெருக்கி இன்றேல், பக்கத்துக் காம்பிராவுக்கே கேட்பது அரிது. எனவே ஒலிபெருக்கியின் விலையையும் பெட்டியின் விலையோடு கூட்டுதல் வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. காலத்தைப் பதினாறு படிகளாக வெட்டுவது இப்பெட்டிகளின் பெருவழக்கு. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டி.ஆர்.808இன் முகத்திலும் பதினாறு பொத்தான்களே இருந்தன. நான்கு நான்காக எண்ணும் மேனாட்டு நடனப் பாட்டுக்கு அது நன்கு பொருந்தும். 'தகிட தகிட' என்று மும்மூன்றாகச் செல்லும் அடியை அதில் இட்டுப் பாருங்கள். ஐந்து தகிட முடிந்ததும் ஒரு படி மிஞ்சும். சுற்றுத் திரும்புகையில் ஆடுவோன் கால் இடறும். படிகளைப் பன்னிரண்டாகக் குறைக்க வழியுண்டா? 'தகிட தகதிமி' என்னும் ஏழுக்காகப் பதினான்காக்கலாமா? கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுவே. முடியாதெனில், எவ்வளவு மலிவாயினும் அப்பெட்டி நம் ஆட்டத்துக்கு விலை மிகுந்ததே.

வெளியோசையைப் பதிவு செய்யுமா என்பதையும் பார்த்தல் நன்று. அமெரிக்கரான ரோஜர் லின் வடிவமைத்து, அக்காய் நிறுவனம் 1988இல் வெளியிட்ட எம்.பி.சி.60இல், பதிவு செய்த ஓசையை விரலால் தட்டி வாசிக்கலாம். இன்று சிறிய பெட்டிகள் சிலவற்றிலும் இவ்வசதி உண்டு. தோட்டத்து முதியவர் ஒருவரின் தப்படியை, தடித்த குச்சியின் அதிர்வும் மெல்லிய குச்சியின் சுள்ளென்ற ஓசையுமாக, அதில் ஏற்றிவிடலாம். தப்படித்தல் இழிதொழில் என்னும் சாதிப் பேச்சுக்கு அஞ்சி அக்குச்சிகளைத் தொடாத பிள்ளைகள் உண்டு. அவர்களும் பெட்டியின் முன் கூச்சமின்றி அமரக்கூடும். இதனை வரவாக எழுதலாமா? எழுதலாம் என்பேன், அரைமனத்துடன்.

கூத்துக்கென்றே வாங்குபவன் பணத்தை இழப்பான். ஆடுவோன் களைத்தால் தப்புக்காரர் அவன் காலைப் பார்த்து நடையை மாற்றுவார். பெட்டி எவர் காலையும் பாராது. பாட்டுக் கட்டிப் பதிவு செய்ய விழைபவனோ, கைப்பேசியில் விலையின்றிக் கிடைக்கும் தாளச் செயலி ஒன்றில் முதலில் மூன்று மாதம் பழகட்டும். அதன் பின்னும் அவன் விரல்கள் பொத்தானைத் தேடினால், பன்னிரண்டு படிக்கு இசையும் பெட்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுக்கலாம்.