சாக்பீஸுக்கும் ஒரு கோப்பு

இரும்புத்திரைக்குப் பின்னால் – 11

தட்டச்சு வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும், எந்த இரண்டு மெஷினும் ஒன்றுபோல அடிப்பதில்லை. ஒன்றில் ஓர் எழுத்து வரிக்கு மேலே ஏறி நிற்கும். இன்னொன்றில் ஓர் எழுத்தின் வால் தேய்ந்திருக்கும். தாளைப் பார்த்தே எந்த மெஷின் என்று சொல்லிவிடலாம். ருமேனியாவில் சௌஷெஸ்குவின் ஆட்சி இதையே சட்டமாக்கியது.

1983 மார்ச் 28-ஆம் தேதி வெளியான 98-ஆம் எண் ஆணை அது. தட்டச்சு இயந்திரம் வைத்திருக்க போலீஸ் அனுமதி வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் முதல் 60 நாட்களுக்குள் அதன் எழுத்துகளை ஒரு தாளில் அடித்துக் கொடுத்துவிட வேண்டும். பழுது பார்த்தால் மறுபடியும் மாதிரி. இரவல் தரக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. பொது ஒழுங்குக்கு ஆபத்தானவர் என்று போலீஸ் நினைத்தால் அனுமதி கிடையாது. இந்த ஆணையில் என்னை உறுத்துவது தண்டனை அல்ல, வரிசை. குற்றம் நடக்கும் முன்பே தடயத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மாதிரி கொடுக்கிற ஒவ்வொருவரும், இன்னும் எழுதப்படாத ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக இப்போதே சந்தேகப் பட்டியலில் இருக்கிறார்.

பேனாவுக்கு அனுமதி தேவைப்படவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தார். புக்கரெஸ்டில் கட்டுமானப் பொறியாளராக இருந்த கியோர்கே உர்சு பல ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதிவந்தார். 1977 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பின் சேதமடைந்த கட்டடங்களை வலுப்படுத்தும் வேலையை அரசு பாதியில் நிறுத்தியதை அவரால் பொறுக்க முடியவில்லை. நாட்குறிப்பைப் பற்றி உடன் வேலை செய்தவர்களே தகவல் கொடுத்தார்கள். 1985 செப்டம்பரில் கைதானார். வெளிநாட்டுப் பணம் வைத்திருந்தார் என்பது வழக்கில் எழுதப்பட்ட குற்றம். காவலில் அடிபட்டு, நவம்பர் 17-ஆம் தேதி இறந்துபோனார்.

மெஷின் வேண்டாம், பேனாவும் வேண்டாம், சாக்பீஸ்?

வடகிழக்கில் போட்டோஷானி என்று ஓர் ஊர். 1981 செப்டம்பரில் அங்கே சுவர்களிலும் வேலிகளிலும் பெரிய எழுத்துகளில் வாசகங்கள் தோன்றின. கடைகளில் உணவில்லை என்றன. சுதந்திரம் வேண்டும் என்றன. போலந்துத் தொழிலாளர்களின் சுதந்திரத் தொழிற்சங்கத்தைப் பற்றிப் பேசின. ரகசியப் போலீஸான செக்யூரிடாட்டே ஊரையே சல்லடை போட்டது. ஆயிரக்கணக்கானவர்களின் கையெழுத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். இரவில் தெருக்களில் ஆட்களை நிறுத்தினார்கள். அக்டோபரில் பிடிபட்டவன் முகூர் கலினெஸ்கு, 16 வயதுப் பள்ளி மாணவன். மேற்கத்திய வானொலியான ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ கேட்டுவந்த பையன்.

அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. விசாரணைக்கு அழைத்தார்கள், திரும்பத் திரும்ப. பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளையைக் கண்டிக்கச் சொன்னார்கள். அவன் வீட்டில் பேசுவதை ஒட்டுக்கேட்டார்கள். பள்ளியிலும் அவனைக் குற்றவாளியாக நிற்கவைத்தார்கள். தன் பிள்ளைக்கு எதிராகத் தானே பேச வேண்டிய நிலைக்கு ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்துவதை எந்தச் சித்தாந்தத்தின் பெயராலும் என்னால் மன்னிக்க முடியாது. 1985-இல் ரத்தப் புற்றுநோயில் முகூர் இறந்தான். வயது இருபதைத் தொடவில்லை.

சுவர்களில் இருந்ததை அன்றே அழித்துவிட்டார்கள். அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்துக் கோப்பில் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கோப்பிலிருந்து பின்னாளில் ஒரு நாடகம் வந்தது. 2020-இல் ராடு ஜூடே அதைத் திரைப்படமாக்கினார். அவன் எழுதிய பெரிய எழுத்துகளை இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

(தொடரும்)