விதைக்காத வயலுக்கு வாடகை: அமெரிக்க அரசு ஏன் காசு கொடுக்கிறது?

“நிலத்துல எதுவும் பயிர் பண்ணாதீங்க. அதுக்கு வருஷா வருஷம் வாடகை தர்றோம்” என்று அரசே சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் 1985-ல் வந்த ஒரு சட்டத்தில் இருந்து இதுதான் நடக்கிறது. திட்டத்தின் பெயர் கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம், சுருக்கமாக சிஆர்பி.

எதற்காக இது?

1930-களில் வறட்சி வந்தபோது, புல்வெளியை உழுது கோதுமை போட்டிருந்த சமவெளிகளில் மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. மேல்மண் புழுதிப் புயலாகக் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புயலில் பட்டப்பகலே இருண்டுபோனது. அதே மாதம் 27-ம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து, மண் அரிப்பு அதிகமுள்ள நிலத்தில் சாகுபடியையே நிறுத்திவைக்க வந்ததுதான் சிஆர்பி.

எப்படி நடக்கிறது?

மாநிலத்துக்கு உள்ளே இருக்கும் நிர்வாகப் பிரிவுதான் ‘கவுன்ட்டி’. அங்குள்ள வேளாண் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டுகள். புல்லோ மரமோ வளர்க்க ஆகும் செலவில் பாதி வரை அரசு தரும். ஆண்டு வாடகை தனி. நடுவில் விலகினால், வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

அப்புறம் என்ன சிக்கல்?

2007-ல் இந்தத் திட்டத்தில் சுமார் 3.68 கோடி ஏக்கர் இருந்தது. அது தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம்! அந்த நேரத்தில்தான் எத்தனாலுக்காக மக்காச்சோளத்துக்கு கிராக்கி கூடியது. 2012 வறட்சியில் சந்தையில் ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ, 8 டாலரைத் தாண்டியது. ஒப்பந்தம் முடிந்த பலர் மீண்டும் கையெழுத்துப் போடவில்லை. டிராக்டர் இறங்கியது.

2014 சட்டம் திட்டத்தின் உச்சவரம்பை 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. 2018 சட்டம் அதை 2.7 கோடியாக உயர்த்தினாலும், பொதுப் பிரிவு வாடகையை அந்தக் கவுன்ட்டி சராசரியில் 85 சதவீதத்துக்குள் நிறுத்தியது. பக்கத்து விவசாயி முழு வாடகை தரத் தயாராக இருந்தால், அரசிடம் ஏன் குறைவாக வாங்க வேண்டும் என்று உரிமையாளர் கணக்குப் போடுவார்தானே?

வேறு வழி இல்லையா?

இருக்கிறது. ‘ஈஸ்மென்ட்’ என்ற முறையில், நிலத்தைப் பயன்படுத்தும் சில உரிமைகளை மட்டும் அரசு விலைக்கு வாங்குகிறது. அது நிரந்தரமானதாக இருந்தால், நிலம் கைமாறினாலும் அடுத்த உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். ஆனால், ஒரே நேரத்தில் பெரிய தொகை தேவை. தலைமுறைக்கும் சேர்த்து முடிவெடுக்க உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும்.

வாடகைக்கு வாங்கிய பாதுகாப்புக்குக் காலாவதி தேதி உண்டு. 10 வருடமாக வேர் பிடித்த புல்லை ஒரே பருவத்தில் உழுதுவிடலாம். அந்தப் புல்லுக்கு வரிப்பணம் கொடுத்தவர்கள் அப்போது எதுவும் செய்ய முடியாது.