ஒரே சென்சார், மூணு விலை: மீடியம் ஃபார்மட் கேமரா ஏன் கார் விலைக்கு விக்குது?

2014-ல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த வருஷம் மூன்று கம்பெனிகள் தொழில்முறை போட்டோகிராபர்களுக்காகப் புது கேமரா கொண்டு வந்தாங்க. ஜப்பானின் பென்டாக்ஸ், சுவீடனின் ஹேசல்பிளாட், டென்மார்க்கின் ஃபேஸ் ஒன். மூணுலயும் உள்ளே இருந்தது சோனி தயாரிச்ச ஒரே வகை 50 மெகாபிக்ஸல் சென்சார்தான். விலையைப் பாருங்க. பென்டாக்ஸ் 645இசட் 8,499 டாலர். ஹேசல்பிளாட் ஹெச்5டி-50சி 27,500 டாலர். ஃபேஸ் ஒன் ஐக்யூ250 34,990 டாலர், அதுவும் கேமராவோட பின்பக்கத்துல மாட்டுற டிஜிட்டல் பேக் மட்டும்.

படம் பிடிக்கிற சில்லு ஒண்ணு. விலையில நாலு மடங்கு வித்தியாசம். "பிராண்டு பேருக்குக் காசு" என்று சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அது பாதி பதில்தான். மீதிப் பாதி தெரிஞ்சா, சனி ஞாயிறு ஷூட்டுக்காக இஎம்ஐ போட்டு பெரிய கேமரா வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு சில லட்சம் மிச்சமாகலாம்.

முதல்ல, மீடியம் ஃபார்மட்னா என்ன? நல்ல ஃபுல் ஃப்ரேம் கேமராவில் சென்சார் 36×24 மில்லிமீட்டர். மீடியம் ஃபார்மட்டில் இன்று ரெண்டு அளவு ஓடுது. ஒன்று 44×33, ஃபுல் ஃப்ரேமைவிட சுமார் 1.7 மடங்கு பரப்பு. இன்னொன்று 53.4×40, கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. பரப்பு கூடினா வெளிச்சம் அதிகமாகச் சேரும், நிற மாற்றங்கள் நுணுக்கமா வரும், ரொம்பப் பெரிசா பிரின்ட் போடலாம்.

1.7 மடங்கு பரப்புக்கு 1.7 மடங்கு விலைதானே வரணும்? அங்கதான் சிக்கல். சென்சார்கள் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான சிலிக்கான் தகட்டில் அச்சாகுது. கறை இருக்கிற ஒரு துணியை நினைச்சுக்கோங்க. அங்கங்கே 12 கறை. அதுல கைக்குட்டை வெட்டினா எண்ணூறுல 12 வீணாகும், கவலை இல்லை. வேட்டி வெட்டினா? முப்பத்துச் சொச்சம் வேட்டியில 12 போயிடும். போன் சென்சார் கைக்குட்டை, 44×33 சென்சார் வேட்டி. இந்த 12 நான் கணக்குக்காகப் போட்ட எண். சில்லு பெரிசாக ஆக வீணாவது வேகமா ஏறும் என்பதுதான் விஷயம். போதாததுக்கு, அச்சடிக்கிற மெஷின் ஒரு தடவையில் 26×33 மில்லிமீட்டர் வரைதான் அச்சடிக்கும். அதைவிடப் பெரிய சென்சாரைப் பகுதி பகுதியாக அச்சடித்து, மடிப்பு தெரியாமல் ஒட்டுப்போட வேண்டும்.

ஆனாலும் 2014 கதையில் மூணு பேரும் வாங்கினது அதே சில்லுதான். அப்போ வித்தியாசம் வேற எங்கேயோ இருக்கு.

விலையைத் தீர்மானிக்கிறது வகுக்கும் எண்

ஒரு புது கேமராவை உருவாக்க 100 கோடி ரூபாய் ஆகுதுன்னு வச்சுக்கோங்க. இதுவும் கணக்குக்காகத்தான். மின்னணுப் பலகை, மென்பொருள், ஷட்டர், வ்யூஃபைண்டர், ஆட்டோஃபோகஸ், அச்சு வார்ப்பு, சோதனை எல்லாம் சேர்த்து. 5 லட்சம் கேமரா வித்தா ஒவ்வொன்றின் தலையிலும் 2,000 ரூபாய். 50,000 வித்தா 20,000. வெறும் 5,000 வித்தா? ஒரு கேமராவுக்கு 2 லட்சம் ரூபாய், பொருளுக்கான செலவு சேர்க்கிறதுக்கு முன்னாடியே. பத்தாயிரம் பேர் வாங்கினாலும் பத்து லட்சம் பேர் வாங்கினாலும் இன்ஜினியரின் சம்பளம் ஒண்ணுதான்.

இதோட லென்ஸ். பெரிய சென்சாருக்குப் பெரிய கண்ணாடி வேணும். ஏற்கனவே இருக்கிற ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் பெரும்பாலும் முழுசா மூடாது. ஒரு புது மவுன்ட் ஆரம்பிச்சா ஆறேழு லென்ஸாவது இல்லாம தொழில்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஹேசல்பிளாட் இன்னும் ஒரு படி மேல: அவங்க எக்ஸ்சிடி லென்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளேயும் தனியா ஒரு ஷட்டரே இருக்கு. ஃபிளாஷ் வச்சு எடுக்கிறவங்களுக்கு அது பெரிய வசதி. ஆனா பத்து லென்ஸ் வச்சிருந்தா பத்து ஷட்டருக்குக் காசு குடுத்திருக்கீங்க.

இந்த வகுத்தல் கணக்கில் அடிபட்டவங்க பட்டியல் பெரிசு. மாமியா 2004-ல ஸெட்டிங்கிற டிஜிட்டல் கேமராவை, அதாவது 'மாமியா இசட்டி'யை அறிவிச்சாங்க; கடைக்கு வர ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு; 2006-ல கேமரா தொழிலையே வேற கம்பெனிக்குக் கைமாத்திட்டாங்க. கான்டாக்ஸ் 645 கேமராவை வச்சிருந்த கியோசெரா 2005-ல அந்தத் தொழில்ல இருந்தே விலகுறதா அறிவிச்சது. ரோலை கேமராக்களைச் செய்த ஜெர்மனியின் ஃபிராங்கே அண்ட் ஹைடெக்கே 2009-ல திவாலாச்சு. பென்டாக்ஸ் 2005-லயே 645 டிஜிட்டல் மாதிரியைக் காட்டினாங்க, விற்பனைக்கு வந்தது 2010-ல. இவங்க யாருக்கும் கேமரா செய்யத் தெரியாம இல்லை. படச்சுருள் காலத்தில் ஒரு மாடல் செஞ்சா பல வருஷம் ஓடும். ஹேசல்பிளாட் 1957-ல கொண்டு வந்த 500 வரிசையின் அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் விற்றது. டிஜிட்டலில் மூணு வருஷத்துல பழசாயிடும். அதாவது அந்த 100 கோடியை மீட்கிற அவகாசம் சுருங்கிப் போச்சு.

குறுக்குவழியையும் ஒருத்தர் முயற்சி பண்ணினாங்க. 2012-ல ஹேசல்பிளாட் 'லூனார்' என்று ஒரு கேமரா அறிவிச்சது. உள்ளே சோனி நெக்ஸ்-7. வெளியே மரக் கைப்பிடி, பளபளப்பு, ஐயாயிரம் யூரோ அளவுக்கு விலை. வளர்ச்சிச் செலவே இல்லாம விலையை மட்டும் வச்சுக்கலாம்னு பார்த்தாங்க. நிலவுக்குப் போன கேமராவைச் செஞ்ச கம்பெனி கேலிப்பொருளானதுதான் மிச்சம்.

பிழைச்சவங்க எப்படிப் பிழைச்சாங்க?

செலவைக் குறைச்சு இல்லை. வகுக்கும் எண்ணைப் பெரிசாக்கி.

ஃபுஜிஃபிலிமைப் பாருங்க. இவங்க ஃபுல் ஃப்ரேம் பக்கமே போகலை. சின்ன சென்சாரில் எக்ஸ் வரிசை, 2017-ல இருந்து பெரிய சென்சாரில் ஜிஎஃப்எக்ஸ் வரிசை. ரெண்டுக்கும் மூளை ஒன்றே. எக்ஸ்-டி3-ல இருக்கிற அதே தலைமுறை பிராசஸர்தான் ஜிஎஃப்எக்ஸ் 100-லயும். மெனு, நிற அமைப்பு, மென்பொருள் என்று பல விஷயங்களும் பொது. அப்போ அந்த உருவாக்கச் செலவில் பெரும்பகுதியை எக்ஸ் வரிசை வாங்குற கூட்டம் ஏற்கனவே கட்டிடுது. அதுக்கும் மேல, அந்தக் குழுமத்தோட மொத்த வருமானத்துல போட்டோ தொழில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மருத்துவம், செமிகண்டக்டர் பொருட்கள், அலுவலக மெஷின்கள் எல்லாம் இருக்கு. இன்ஸ்டாக்ஸ் வேற சக்கைப்போடு போடுது. பிறந்தநாள் பார்ட்டியில் யாரோ இன்ஸ்டாக்ஸில் சுடுற ஒவ்வொரு படமும், தூரத்துச் சொந்தம் மாதிரி, ஜிஎஃப்எக்ஸுக்கும் துணைதான்.

சென்சாரிலும் இதே தந்திரம் நடந்தது. 2018, 2019-ல வந்த நாலு கேமராக்கள்: 26 மெகாபிக்ஸல் எக்ஸ்-டி3, 61 மெகாபிக்ஸல் சோனி ஏ7ஆர் 4, 102 மெகாபிக்ஸல் ஜிஎஃப்எக்ஸ் 100, 151 மெகாபிக்ஸல் ஃபேஸ் ஒன் ஐக்யூ4. நாலுலயும் ஒரு பிக்ஸலின் அகலம் 3.76 மைக்ரான். ஒரே துணி, நாலு அளவில் வெட்டு.

ஹேசல்பிளாட் வேற வழியில போச்சு. 2002-ல ஹெச்1 கேமராவை ஃபுஜியோட சேர்ந்து செஞ்சு செலவைப் பங்கு போட்டாங்க. அப்புறம் முதலாளிகள் மாறி மாறி, 2015-ல சீனாவின் ட்ரோன் கம்பெனி டிஜேஐ சிறு பங்கு வாங்கி, பிறகு பெரும்பங்கே அவங்க கைக்கு வந்தது. 2021-ல ஒன்பிளஸ் 9 போனின் பின்னால ஹேசல்பிளாட் பேர் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூணு வருஷத்துல போன் கேமராவுக்காக 15 கோடி டாலர் செலவு பண்ணப் போறதா ஒன்பிளஸ் அறிவிச்சது. ட்ரோனிலும் போனிலும் அந்தப் பேர் ஓடுறதால, கேமரா மட்டும் தனியா மொத்தச் சுமையையும் தூக்க வேண்டியதில்லை.

ஃபேஸ் ஒன் விலையைக் குறைக்கவே இல்லை. வாடிக்கையாளரை மாத்திட்டாங்க. விமானத்துல இருந்து நிலப்படம் எடுக்கிறவங்க, நூலகம், அருங்காட்சியகம். இவங்களுக்கு 50,000 டாலர் கேமரா செலவு இல்லை, கருவி. நல்ல உதாரணம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம். அங்கே பயன்பட்டது 100 மெகாபிக்ஸல் ஹேசல்பிளாட். ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தை 8,439 படங்களா எடுத்து ஒட்டி, 2022-ல 717 கிகாபிக்ஸல் படம் வெளியிட்டாங்க. 1642-ல வரைஞ்ச ஓவியத்தில் வண்ணத்துகள் வரைக்கும் பார்க்கலாம். அந்த வேலைக்கு கேமரா விலை ஒரு பொருட்டே இல்லை.

உங்க பர்ஸுக்கு இது எப்படி வருது?

வகுக்கும் எண் பெரிசானதும் விலை எப்படிச் சரிஞ்சதுன்னு பாருங்க. 100 மெகாபிக்ஸல் மீடியம் ஃபார்மட், 2016-ல ஃபேஸ் ஒன்: 48,990 டாலர். 2019-ல ஜிஎஃப்எக்ஸ் 100, சற்றுச் சின்ன சென்சாரோட: 9,999. 2021-ல அதே 102 மெகாபிக்ஸலோட ஜிஎஃப்எக்ஸ் 100எஸ்: 5,999. 2024-ல அதன் இரண்டாம் பதிப்பு: 4,999.

சந்தோஷமான செய்திதான், 2019-ல வாங்கினவரைத் தவிர. ரெண்டே வருஷத்துல அதே தரம் புதுசா 40 சதவீதம் கம்மி விலையில் கடைக்கு வந்துடுச்சு. ஹேசல்பிளாடிலும் அதே கதை: 2016-ல எக்ஸ்1டி 8,995 டாலர், 2019-ல அதன் அடுத்த பதிப்பு 5,750. மூணு வருஷ இஎம்ஐ போட்டவர் கடைசித் தவணை கட்டுறதுக்குள்ள, அவர் பொருளின் மறுவிற்பனை விலைக்குப் புது மாடலே உச்சவரம்பு போட்டுடுது.

இப்போ கணக்கு. 4,999 டாலரை 85 ரூபாய்னு போட்டாலே நாலே கால் லட்சம். வரி, ரெண்டு லென்ஸ் எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம்னு வைங்க. 14 சதவீத வட்டி பெர்சனல் லோன், 36 மாசம்: இஎம்ஐ சுமார் 29,000. வட்டி மட்டும் இரண்டு லட்சத்தைத் தொடும். மாசம் ரெண்டு ஷூட் செஞ்சா, உங்க உழைப்புக்குக் கூலி சேர்க்காமலே ஒவ்வொரு ஷூட்டின் தலையிலும் 14,500.

யாரும் சொல்லாத செலவு ஒண்ணு இருக்கு. 102 மெகாபிக்ஸலை 16 பிட்டில் சுருக்காம சேமிச்சா ஒரு படம் 200 எம்பி. ஒரு கல்யாணத்தில் 3,000 படம் எடுத்தா 600 ஜிபி. பேக்கப்போட சேர்த்தா 1.2 டிபி, ஒரே கல்யாணத்துக்கு. சுருக்கிச் சேமிச்சா குறையும், ஆனா உங்க பழைய லேப்டாப் அப்பவும் அழும். கல்யாணக்காரங்க கடைசியில் அந்தப் படத்தைப் பார்க்கப்போறது வாட்ஸ்அப்பில்.

நகை, பட்டு, பொருள் விளம்பரம், ஓவியம் டிஜிட்டலாக்குறது மாதிரி வேலை கையில் உறுதியா இருந்தா கதையே வேற. அப்பவும் முதல் வருஷம் வாடகைக்கு எடுங்க. ஒரு நாள் வாடகையை வருஷத்து ஷூட் நாட்களால் பெருக்கி, மேலே போட்ட வருஷ இஎம்ஐயான 3.48 லட்சத்தோட ஒப்பிடுங்க. நிறைய பேருக்கு வாடகைதான் ஜெயிக்கும்.

இன்னும் காத்திருந்தா விலை பாதியாகுமா? எனக்கு அப்படித் தோணலை. 100, 150 மெகாபிக்ஸல் எல்லை 2018-19-க்கு அப்புறம் பெரிசா நகரவில்லை. 2025-ல வந்த ஹேசல்பிளாட் எக்ஸ்2டி 2-ம் 100 மெகாபிக்ஸல்தான். புதுசு என்னன்னா நகரும் பொருளைத் தொடரும் ஆட்டோஃபோகஸ், கை நடுக்கத்தை 10 ஸ்டாப் வரை சமாளிக்கும் வசதி. விலை 7,399 டாலர், முந்தையதைவிட 800 டாலர் கம்மி. அதே வருஷம் ஃபுஜி இதே சென்சார் தொழில்நுட்பத்தை ஜிஎஃப்எக்ஸ் எட்டர்னா 55 என்று சினிமா கேமராவாக்கியது. மறுபடியும் வகுக்கும் எண்ணைப் பெருக்குற வேலைதான். பெரிய சரிவு முடிஞ்சாச்சு, இனி மெல்ல மெல்லத்தான் இறங்கும் என்பது என் கணிப்பு.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவங்க ஒண்ணு கவனிங்க: பாடியைவிட மவுன்ட் முக்கியம். ஃபுஜியின் 2017 லென்ஸ் இன்னிக்கு வர்ற புது பாடியிலும் மாட்டும். பென்டாக்ஸ் 645இசட் சகாயமா கிடைக்கும், படமும் அருமையா வரும். ஆனா 2014-க்கு அப்புறம் அந்த வரிசையில் புது பாடியே வரலை. உங்க ஸ்டூடியோ மூலையில் ஸ்டாண்டில் நின்னு பொருள் படம் மட்டும் எடுக்கப் போகுதுன்னா தாராளமா வாங்குங்க. அதை வச்சு அடுத்தடுத்து லென்ஸ் சேர்க்கலாம்னு திட்டம் இருந்தா, அந்தக் காசை ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் மாதிரி பழைய பாடியில் போடுறது உத்தமம்.