பிஎச்பி மொழியில் சிறப்புச் செயற்கூறுகளின் அணுகல் விதிகள்: மாமல்லபுரக் கடலடித் தரவினை முன்வைத்து

முன்னுரை

தொல்லியல் தரவுகளைக் கணினியில் தொகுக்கும்போது எதனை வெளியிடுவது, எதனை மறைப்பது என்பது நிரலிலும் வரையறுக்கப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரக் கடற்பகுதியில் 2002ஆம் ஆண்டு தேசியக் கடலியல் நிறுவனம் பிரித்தானியக் குழுவொன்றுடன் இணைந்து மேற்கொண்ட ஆய்வில் கட்டுமானச் சிதைவுகள் பதிவாயின. இத்தகைய சிதைவொன்றைப் பிஎச்பி மொழியில் ஒரு வகுப்பாக அமைப்பதாகக் கொள்வோம். அதன் பெயரும் விவரிப்பும் பொதுப் பண்புகளாகவும், துல்லிய இருப்பிடம் தனிப் பண்பாகவும் அமையும். இருப்பிடம் வெளிப்படின் கல்லும் சிற்பமும் களவு போகக்கூடும். இம்மறைப்புக்கும் சிறப்புச் செயற்கூறுகளுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

விதியும் விலக்கும்

'மேஜிக் மெத்தட்' எனப்படும் சிறப்புச் செயற்கூறுகளின் பெயர்கள் இரட்டை அடிக்கோட்டுடன் தொடங்கும். உரிய சூழல் நேரும்போது மொழியின் இயக்கியே இவற்றை அழைக்கிறது. கெட், செட், இஸ்செட், அன்செட், கால் ஆகியவை பொதுவாகவே அறிவிக்கப்பட வேண்டும் என 2009இல் வெளிவந்த 5.3 பதிப்பு வரையறுத்தது. மீறினால் எச்சரிக்கை எழும். 2020இல் வெளிவந்த 8.0 பதிப்பு ஸ்லீப், வேக்கப் போன்றவற்றுக்கும் அவ்வெச்சரிக்கையை விரித்தது. கன்ஸ்ட்ரக்ட், டிஸ்ட்ரக்ட், கிளோன் ஆகிய மூன்றும் விலக்குப் பெற்றன.

இவ்வேறுபாட்டை அழைப்பின் தோற்றுவாய் கொண்டு விளக்கலாம். வகுப்புக்கு வெளியிலிருந்து எழும் வேண்டுகோளுக்கு விடை தருவது கெட். ஆகவே அது பொதுவாகிறது. பொருளின் பிறப்பு, நகல், அழிவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் உரிமை வகுப்புக்கே உண்டு. ஆகவே அம்மூன்றும் தனியாகலாம். ரூபி மொழியில் இனிஷியலைஸ் தானாகவே தனியாகிவிடுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

மறைப்பு நெகிழும் இடங்கள்

தனிப் பண்பை வெளியிலிருந்து படிக்க முயன்றால், கெட் எழுதப்பட்டிருக்கும்போது பிழைக்கு மாறாக அதுவே இயங்கும். கேட்ட பெயருக்குரிய மதிப்பை ஆராயாமல் திருப்புமாறு அதனை எழுதினால், தனி எனக் குறித்த இருப்பிடமும் வெளியாகிவிடும். அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை வைத்து, பிறவற்றை மறுப்பதே தக்க முறை. பொருளைச் சரமாக்கிச் சேமிக்கும்போதும் தனிப் பண்புகள் உடன்செல்லும். சேமிக்கத்தக்கவற்றை மட்டும் சீரியலைஸ் செயற்கூற்றில் தேர்ந்தளித்தல் வேண்டும்.

முடிவுரை

தனி என்னும் குறிப்பு தரவுக்கு இடப்படும் கதவு மட்டுமே. பொதுவாக இருந்தே தீரவேண்டிய செயற்கூறு அக்கதவின் திறவுகோலை ஏந்துகிறது. எனவே தொல்லியல் தரவகத்தை மதிப்பிடுவோர் பண்புகளின் அணுகல் நிலையுடன் கெட், சீரியலைஸ் ஆகியவற்றின் உள்ளடக்கத்தையும் ஆராய்தல் இன்றியமையாதது.